வாங்கின கையோடயே விக்கிற புரொசசர்: ஏன் விக்கினம், ஆர் வாங்கினம், பிறகு என்ன நடக்குது

ஒரு சிப் கம்பனி இன்னொரு சிப் கம்பனியை நூற்றுக்கணக்கான மில்லியன் டொலர் குடுத்து வாங்குது, வாங்குறம் எண்டு அறிவிக்கிற அண்டைக்கே அதில இருக்கிற புரொசசர் பகுதி எங்களுக்கு வேண்டாம், அதைப் பிரிச்சு விக்கப் போறம் எண்டும் சேத்துச் சொல்லுது. இப்பிடி ஒரு செய்தியைப் பாத்த உடன எல்லாருக்கும் வாற நினைப்பு, அப்ப அந்தப் புரொசசர் சரியில்லைப் போல எண்டுதான். கிளிநொச்சி அறிவியல் நகர்ல பொறியியல் படிக்கிற பிள்ளையளோட கதைக்கேக்கையும் இந்த முடிவைத்தான் கேக்கிறன். செய்தியள் எழுதுற விதமும் அப்பிடித்தான் இருக்கு, ரெண்டு வரியில வித்திட்டினம் எண்டு போட்டா வாசிக்கிறவை வேற என்னத்தை நினைப்பினம். நான் இந்த வாங்கல் விக்கலுகளைக் கனகாலமா உத்துப் பாத்துக்கொண்டு வாற ஆள், எனக்கு விளங்கினது என்னெண்டால், வாங்கினவை எவ்வளவு கடன்பட்டு வாங்கினவை, அந்தச் சிப் காசு உழைக்கத் தொடங்குமட்டும் எத்தினை வருசம் அவையால பொறுத்திருக்க ஏலும், இந்த ரெண்டுந்தான் கன இடத்தில முடிவைத் தீர்மானிக்குது. சிப்பின்ர தரம் அதுக்குப் பிறகுதான் வருது. ஒரு கதையை விளக்கமாச் சொல்லுறன், மற்றதுகளைக் கொஞ்சம் கெதியாச் சொல்லிக்கொண்டு போறன்.

கலிபோர்னியாவில அப்ளைட் மைக்ரோ எண்டு ஒரு கம்பனி இருந்தது. தொடக்கத்தில அவை செய்தது டெலிகொம் நெற்வேர்க்குக்குத் தேவையான சிப்புகள். 2004ல ஐபிஎம்மிட்ட இருந்து பவர்பிசி 400 வரிசைப் புரொசசர்களை 227 மில்லியன் டொலருக்கு வாங்கினவை, அதாவது அந்தப் புரொசசர் பகுதியே முதல்ல வேற ஒரு பெரிய கம்பனி கழட்டி வித்த சாமான்தான், இதை ஞாபகத்தில வச்சிருங்கோ. பிறகு 2011ல, புரொசசர் வரைஞ்சு மற்றவைக்கு லைசன்ஸ் குடுக்கிற ஆர்ம் கம்பனி தன்ர 64 பிற் கட்டமைப்பை (புரொசசருக்கு விளங்கிற கட்டளைகளின்ர தொகுப்பை) அறிவிச்ச நேரமே அப்ளைட் மைக்ரோவும் அந்தக் கட்டமைப்பில சேர்வருக்கு ஒரு சிப் செய்யிறம் எண்டு அறிவிச்சுது, அதுக்குப் பேர் எக்ஸ்-ஜீன். அந்தக் காலத்தில சேர்வர் எண்டால் இன்டெல்தான், ஆர்ம் எண்டால் போனுக்குள்ள இருக்கிற சின்னச் சாமான், அப்பிடி இருக்கேக்க 64 பிற் ஆர்ம்ல சேர்வர் செய்வம் எண்டு முதல்ல இறங்கினது உண்மையிலயே துணிச்சலான வேலை. ஆர்மிட்ட ஆயத்தமா இருந்த கோரை (சிப்புக்குள்ள கணக்குச் செய்யிற பகுதியை) எடுத்துப் போடாமல், கட்டமைப்பு லைசன்ஸ் மட்டும் வாங்கி, கோரைத் தாங்களே வரைஞ்சவை. 2014ல எச்பி தன்ர மூன்ஷொட் சேர்வரில அந்தச் சிப்பைப் போட்டு வித்தது.

ஆனா காசு வரேல்லை. முதல் எக்ஸ்-ஜீன் 40 நானோமீற்றர்ல செய்தது (இந்த எண் சிறுக்கச் சிறுக்கச் சிப் புதுசு), அதே நேரம் இன்டெல் 22 நானோமீற்றருக்குப் போயிட்டுது, அப்ப மின்சாரச் செலவிலயும் வேகத்திலயும் இன்டெலை மடக்கிறது லேசில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை சொப்ட்வெயார். ஒரு சேர்வர் சிப்பை வரைஞ்சு முடிக்கவே மூண்டு நாலு வருசம் போகும், ஃபெக்டரியால வந்த முதல் சிப்பில பிழையளைத் தேடித் திருத்த வேணும், சிப்பைத் தொடக்கி வைக்கிற பயோஸ் எழுத வேணும், லினக்ஸ் எண்ட இயங்குதளத்தின்ர கேர்னல்ல சப்போர்ட் வர வேணும், டேற்றாபேஸ் ஜாவா எண்டு ஒவ்வொண்டையும் அதில ஓட வச்சுச் சோதிக்க வேணும், இவ்வளவும் முடிய வாடிக்கையாளர் ஒரு வருசம் வச்சுப் பரிசோதிச்சுப் பாத்துப்போட்டு அடுத்த மொடல் வரட்டும் பாப்பம் எண்டுவார். இந்த வருசமெல்லாம் நூற்றுக்கணக்கான இன்ஜினியர்மாருக்குச் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும்.

அதே கம்பனிக்குள்ள இன்னொரு பகுதியும் இருந்தது, டேற்றா சென்ரர்களுக்கு இடையிலயும் உள்ளுக்கயும் ஃபைபர் கேபிளில டேற்றா அனுப்புறதுக்கான சிப்புகள் செய்யிற பகுதி. பாம்-4 எண்டு ஒரு முறை, முந்தி ஃபைபரில வெளிச்சம் இருந்தா 1 இல்லாட்டி 0 எண்டு ரெண்டு மட்டம்தான், இதில வெளிச்சத்தை நாலு மட்டமாப் பிரிச்சு ஒவ்வொரு துடிப்பிலயும் ரெண்டு பிற் அனுப்பலாம், அதே வேகத் துடிப்பில ரெண்டு மடங்கு டேற்றா. 100 ஜிகாபிற்றில இருந்து 400 ஜிகாபிற்றுக்கு உலகம் மாறப்போகுது எண்டு எல்லாருக்கும் தெரிஞ்ச நேரத்தில இது கையில இருக்கிறது தங்கம். மசசூசெற்ஸ் மாநிலத்து லோவெல்ல இருக்கிற மேகொம் எண்ட கம்பனி இதுக்குத்தான் ஆசைப்பட்டது. 1950ல தொடங்கின பழைய கம்பனி அது, ரேடியோ அலை, மைக்ரோவேவ், ஃபைபர் இதுகளுக்கான அனலொக் சிப்புகள்தான் அவையின்ர தொழில். 2016 நவம்பரில அப்ளைட் மைக்ரோவை ஏறத்தாழ 770 மில்லியன் டொலருக்கு வாங்குறம் எண்டு அறிவிச்சு 2017 ஜனவரியில வாங்கி முடிச்சவை, அறிவிக்கேக்கையே எக்ஸ்-ஜீன் இருக்கிற கணினிப் பகுதியை விக்கிறதுதான் திட்டம் எண்டு வெளிப்படையாச் சொல்லிப்போட்டினம்.

எங்கட ஊர்க் கணக்கில பாருங்கோ. உருத்திரபுரத்தில வாய்க்காலோட ஒட்டின நல்ல வயல் ஒண்டு விலைக்கு வருது, ஆனா காணிக்காரர் அதோட தன்ர அரிசி மில்லையும் சேத்துத்தான் விப்பன் எண்டு நிக்கிறார். வாங்குறவருக்கு வயல்தான் வேணும், பாங்கில லோன் எடுத்துத்தான் வாங்குறார், காலபோகம் வெட்டின உடன தவணை கட்ட வேணும். மில் நல்ல மில்தான், ஆனா அதுக்குப் புது மெஷின் போட வேணும், கரண்ட் பில் கட்ட வேணும், கொழும்பில அரிசி எடுக்கிற கடைக்காரரோட தொடர்பு வேணும், இது ஒண்டும் இவரிட்ட இல்லை. அவர் என்ன செய்வார், அரிசி யாவாரம் தெரிஞ்ச ஒருத்தரிட்ட மில்லைக் குடுத்துப்போட்டு காசுக்குப் பதிலா மில்லில ஒரு சின்னப் பங்கை வச்சுக்கொள்ளுவார். மேகொம் செய்ததும் அச்சொட்டா இதுதான்.

2017 ஒக்டோபரில கார்லைல் எண்ட பெரிய முதலீட்டு நிறுவனத்தோட சேர்ந்த ஒரு புதுக் கம்பனிக்குக் கணினிப் பகுதி கைமாறினது. மேகொமுக்குக் கிடைச்சது காசில்லை, அந்தப் புதுக் கம்பனியில 20 சதவீதத்துக்குக் குறைஞ்ச ஒரு பங்கு, அதின்ர மதிப்பு 36.5 மில்லியன் டொலர் எண்டு கணக்கில எழுதினவை. ஐபிஎம்மிட்ட 227 மில்லியன் குடுத்துத் தொடங்கி, அதுக்கு மேல எத்தினையோ வருசம் காசைக் கொட்டி வளத்த புரொசசர் பகுதிக்குக் கிடைச்சது 36.5 மில்லியன். அண்டைக்குக் கணக்கில போட்ட விலை அது. 2018 பெப்ரவரியில அந்தக் கம்பனி ஆம்பியர் எண்ட பேரோட வெளிய வந்தது, தலைமைக்கு இன்டெல்லின்ர முன்னாள் தலைவர் ரெனே ஜேம்ஸ். அப்ளைட் மைக்ரோ கடைசியா செய்துகொண்டிருந்த 16 நானோமீற்றர் 32 கோர் எக்ஸ்-ஜீன் 3 சிப்தான் ஆம்பியரின்ர முதல் சிப்பா ஈமேக் எண்ட பேரில வந்தது. 2020ல ஒல்ட்ரா வந்தது, 80 கோர், பேந்து 128 கோர். ஒராக்கிள் எண்ட பெரிய சொப்ட்வெயார்க் கம்பனி அதில முதலீடும் போட்டு, தன்ர கிளவுட்டில (இணையத்தால வாடகைக்கு விடுற சேர்வர்களில) அந்தச் சிப்பையும் போட்டுது. 2021 டிசம்பரில மேகொம் தன்ர பங்கை 127 மில்லியனுக்கு மேல வித்துக் கையைக் கழுவினது, 36.5ஆ எழுதினதுக்கு மூண்டு மடங்குக்கு மேல. 2025 மார்ச்சில ஜப்பானின்ர சொஃப்ட்பாங்க் எண்ட முதலீட்டு நிறுவனம் முழு ஆம்பியரையும் 6.5 பில்லியன் டொலருக்கு வாங்குறம் எண்டு அறிவிச்சு அந்த வருசக் கடைசியில முடிச்சுது. மேகொம் அப்ளைட் மைக்ரோ முழுக்கவுக்கும் குடுத்த 770 மில்லியனைப் போல எட்டு மடங்குக்கு மேல.

அப்ப மேகொம் முட்டாள்தனம் செய்ததெண்டு சொல்லேலுமோ? நான் சொல்ல மாட்டன். ஆம்பியர் 6.5 பில்லியனுக்குப் போகேக்கையும் நட்டத்திலதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடைப்பட்ட வருசங்களில கார்லைலும் ஒராக்கிளும் கொட்டின காசை மேகொமால கொட்டியிருக்கவே ஏலாது, கொட்ட வெளிக்கிட்டிருந்தா அவையின்ர சொந்தத் தொழிலும் சேர்ந்து முங்கியிருக்கும். மேகொமின்ர கையில அந்தச் சிப் செத்திருக்கும் எண்டதுதான் என்ர எண்ணம். வேற கைக்குப் போனபடியால்தான் உயிர் தப்பினது.

கிளவுட்டில ஒரு சேர்வர் வச்சுப் பழகிற பெடியள் வன்னியிலயும் இப்ப இருக்கினம். ஒராக்கிளின்ர எப்பவும் இலவசம் எண்ட திட்டத்தில கனபேர் எடுத்துப் பழகினது 4 கோர், 24 ஜிபி ரேம் எண்டு வந்த ஆம்பியர் சேர்வரைத்தான். வவுனியாவில ஒரு அறைக்குள்ள இருந்து போன் ஹொட்ஸ்பொட்டால அதுக்குள்ள லொகின் பண்ணி எல்எஸ்சிபியு (lscpu) எண்ட கட்டளையை அடிச்சுப் பாருங்கோ. கட்டமைப்பு ஏஆர்ச் 64 (aarch64, அதாவது 64 பிற் ஆர்ம்) எண்டு வரும், மொடல் பேர் எண்ட இடத்தில நியோவேர்ஸ் என்1 எண்டு இருக்கும். அந்த ஒரு வரியில ஒரு முக்கியமான விசயம் இருக்கு. நியோவேர்ஸ் என்1 எண்டது ஆர்ம் கம்பனி ஆயத்தமா வித்த கோர். அதாவது அப்ளைட் மைக்ரோ அவ்வளவு பாடுபட்டு வரைஞ்ச சொந்தக் கோர் ஒல்ட்ராவுக்குள்ள இல்லை, ஈமேக்கோட அது முடிஞ்சுது. அப்ப கார்லைல் எதுக்குத்தான் காசு போட்டது? அந்த ஆக்களுக்கு. எண்பது கோரையும், மெமரியையும் மற்றச் சாதனங்களையும் தொடுக்கிற பகுதியளையும் ஒரே சிப்பில இணைச்சு, ஃபெக்டரியில செய்விச்சு, பிழை பிடிச்சு, பெரிய கிளவுட் கம்பனி நம்பிப் பாவிக்கிற அளவுக்குக் கொண்டு வரத் தெரிஞ்ச ஒரு கூட்டம் ஏற்கனவே ஒண்டாச் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தது, அப்பிடி ஒரு கூட்டத்தைப் புதுசாச் சேர்க்கிறதெண்டால் எத்தினையோ வருசம் ஆகும். பிறகு 2023ல ஆம்பியர்வன் எண்ட சிப்பில திரும்பவும் சொந்தக் கோருக்கு வந்தினம், 192 கோர் மட்டும் போகுது அது.

அந்தக் கூட்டத்தில ஒரு பகுதி வியட்நாம்ல ஹோ சி மின் நகரத்தில இருந்தது, அப்ளைட் மைக்ரோ காலத்தில தொடங்கின அந்த ஒஃபிஸ் ஆம்பியரோடயும் தொடர்ந்தது. எனக்கு இதைச் சொல்லாமல் விட மனமில்லை. யுத்தத்தால அழிஞ்ச ஒரு நாட்டில படிச்ச பிள்ளையள் உலகத்தின்ர முன்னணிச் சேர்வர் சிப்பொண்டில வேலை செய்திருக்கினம். எங்கட பிள்ளையள் எலக்ட்ரோனிக்ஸ் படிச்சுப்போட்டு இதெல்லாம் எங்களுக்கு எட்டாத விசயம் எண்டு சொல்லேக்க நான் அந்த ஒஃபிஸைத்தான் சொல்லிக் காட்டுறனான்.

சரி, பிரிச்சு விக்கிறது எண்டால் என்ன நடக்குது? ஒரு சிப் பகுதியைக் கழட்டுறது காணி உறுதி எழுதுற மாதிரி ஒரு நாளில முடியிற வேலை இல்லை. முதல்ல ஆக்கள், ஆர் போகினம் ஆர் நிக்கினம் எண்டு பேர் பட்டியல், எச்ஆர்காரரும் கணக்குக்காரரும் ரெண்டு பகுதிக்கும் பொதுவா வேலை செய்தவை, அவையைப் பிரிக்கிறது கரைச்சல். அடுத்தது காப்புரிமை. சில காப்புரிமையள் ரெண்டு பகுதிக்கும் தேவைப்படும், அப்ப உரிமையை வித்துப்போட்டு, பாவிக்கிற அனுமதியைத் திருப்பி வாங்கி வச்சுக்கொள்ளுவினம். மூண்டாவதுதான் சிக்கல் பிடிச்சது, மற்றவையிட்ட வாங்கின லைசன்ஸ். ஆர்மின்ர லைசன்ஸ் ஒரு கம்பனியின்ர பேருக்குக் குடுத்தது, அந்தப் பகுதியை வேற ஆருக்கும் வித்தால் லைசன்ஸும் தானாக் கூடவே போகும் எண்டில்லை, ஆர்மோட கதைச்சுச் சம்மதம் எடுக்க வேணும். சிப் வரையிற சொப்ட்வெயாரும் அப்பிடித்தான். பிறகு ஃபெக்டரியோட இருக்கிற ஒப்பந்தம், ஏற்கனவே சிப் வாங்கின வாடிக்கையாளருக்குப் பத்து வருசம் தருவம் எண்டு குடுத்த வாக்குறுதி, ராணுவத்துக்கோ டெலிகொமுக்கோ வித்த சிப் எண்டால் அந்த வாக்குறுதி லேசில விடாது. இதெல்லாம் பிரியிறவரைக்கும் புதுக் கம்பனி பழைய கம்பனியின்ர ஈமெயில், சம்பளக் கணக்கு, லாப் எல்லாத்தையும் கொஞ்சக் காலம் காசு குடுத்துப் பாவிக்கும், அதுக்கெண்டே தனி ஒப்பந்தம் எழுதுவினம்.

இதுக்குள்ள கணக்கு விசயம் ஒண்டிருக்கு, அதை விளங்கினால்தான் ஏன் இவ்வளவு அவசரம் எண்டு தெரியும். விக்கப் போறம் எண்டு முடிவெடுத்த பகுதியின்ர வரவு செலவை நிறுத்தப்பட்ட தொழில் எண்ட தலைப்பில தனியா எழுதலாம், மேகொமும் அப்பிடித்தான் எழுதினது. அப்பிடி எழுதினால் புரொசசர் பகுதியின்ர நட்டம் பிரதான கணக்கில இருந்து விலகிடும், மிச்சக் கம்பனி சுகதேகியாத் தெரியும், பங்குச் சந்தையில அதைப் பாத்துத்தான் மதிப்புப் போடுவினம். வாங்கினதுக்குப் பட்ட கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிற கம்பனிக்கு இது சின்ன விசயமில்லை. இதால பாதிக்கப்படுறது உள்ளுக்க வேலை செய்யிற ஆக்கள், அவை அண்டையில இருந்து விலைக்குப் போட்ட வீட்டில குடியிருக்கினம், கெட்டிக்காரர் முதல்ல வெளிக்கிடுவினம், விக்கிறது இழுபட இழுபட விக்கிற சாமானின்ர பெறுமதி இறங்கிக்கொண்டே போகும்.

பட்ட கடனைக் கணக்குப் பாத்து விக்கிறதில அவாகோ எண்ட சிப் கம்பனியைப் போல ஆரும் இல்லை. அவாகோவே ஒரு காலத்தில கழட்டி வித்த சாமான்தான், அஜிலன்ற் எண்ட கம்பனி தன்ர சிப் பகுதியை 2005ல 2.66 பில்லியனுக்கு ரெண்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு வித்தது, அதுதான் அவாகோ. மலேசியாவில பினாங்கில பிறந்த ஹொக் டான் தலைமைக்கு வந்தாப் பிறகு 2014 மே மாசம் எல்எஸ்ஐ எண்ட கம்பனியை 6.6 பில்லியனுக்கு வாங்கினவை, அதில 4.6 பில்லியன் கடன். வாங்கின அதே மாசமே அதின்ர ஃபிளாஷ் மெமரிப் பகுதியை ஹாட் டிஸ்க் செய்யிற சீகேற்றுக்கு 450 மில்லியனுக்கு விக்கிறம் எண்டு அறிவிச்சினம், ஓகஸ்டில அக்ஸியா எண்ட நெற்வேர்க் புரொசசர் பகுதியை இன்டெல்லுக்கு 650 மில்லியனுக்கு விக்கிறம் எண்டு அறிவிச்சினம். ரெண்டையும் கூட்டினால் 1.1 பில்லியன், வாங்கின விலையில ஆறில ஒரு பங்கு சில மாசத்துக்குள்ள திரும்பி வந்திட்டுது. அக்ஸியா மொபைல் டவர்களுக்குப் போற நல்ல சிப், ஆனா இன்டெல்லுக்குள்ள போய் அதின்ர பேர் மெல்ல மெல்ல மறைஞ்சு போச்சுது. வாங்கினது பெரிய கம்பனி எண்ட ஒண்டே ஒரு சிப்பைக் காப்பாத்தாது.

2016ல அவாகோ 37 பில்லியனுக்குப் புரோட்கொம் எண்ட சிப் கம்பனியை வாங்கி அந்தப் பேரையே தனக்கு வச்சுக்கொண்டது. புரோட்கொமுக்குள்ள வல்கன் எண்டு ஒரு ஆர்ம் சேர்வர் சிப் பாதி வழியில நிண்டது, அதைக் கைவிட்டினம், கேவியம் எண்ட கம்பனி அதை எடுத்துத் தண்டர்எக்ஸ்2 எண்டு செய்து முடிச்சுது. அந்தச் சிப்பில கட்டின அஸ்ற்றா எண்ட சூப்பர் கொம்பியூட்டர் அமெரிக்காவின்ர சண்டியா ஆய்வுகூடத்தில 2018ல ஓடி உலகத்தின்ர முதல் 500க்குள்ள வந்தது, ஆர்ம்ல ஓடுற ஒண்டு அந்தப் பட்டியலுக்குள்ள வந்தது அதுதான் முதல் தடவை. கைவிட்ட சிப் அவ்வளவு தூரம் போனது. ஆனா அதே வருசம் கேவியத்தை மார்வெல் எண்ட சிப் கம்பனி வாங்கினது, 2020ல பொதுச் சந்தைக்குச் சேர்வர் சிப் செய்யிறதை மார்வெல் நிப்பாட்டினது. அமேசன் மாதிரிப் பெரிய கிளவுட்காரர் தங்கட சிப்பைத் தாங்களே வரையத் தொடங்கினபடியால் வெளியில வித்து லாபம் பாக்கேலாது எண்டு அவை கணக்குப் போட்டினம். ஆம்பியரையும் தண்டர்எக்ஸையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தா எனக்குப் பெரிசாத் தெரியிற வித்தியாசம், ஒண்டுக்கு ஒராக்கிள் எண்டு ஒரு பெரிய வாடிக்கையாளர் சொந்தக்காரராவும் நிண்டவர், மற்றதுக்கு அப்பிடி ஆரும் நிக்கேல்லை.

புரோட்கொம் அதே 2016ல வயர்லெஸ் ஐஓடி பகுதியை (சின்னக் கருவியளை வைஃபை மாதிரி வழியால இணைக்கிற சிப்புகள்) சைப்ரஸ் எண்ட கம்பனிக்கு 550 மில்லியனுக்கு வித்தது, சைப்ரஸை 2020ல ஜேர்மனியின்ர இன்ஃபினியன் வாங்கினது. ராஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டர் போர்டு வச்சுப் புரொஜெக்ட் செய்யிற பிள்ளையளுக்கு இது நேரடியாப் படும், பை 3ல வைஃபை சிப் புரோட்கொம் பேரில, பிறகு வந்த போர்டுகளில அதே குடும்பச் சிப் சைப்ரஸ் பேரில, பிக்கோ டபிள்யூவில இன்ஃபினியன் பேரில. டேற்றாஷீற் தேடேக்க மூண்டு பேரையும் போட்டுத் தேடுங்கோ, ஒண்டில இல்லாதது மற்றதில இருக்கும்.

போன்ல கேம் விளையாடுற பெடியளுக்கு அட்ரீனோ எண்ட பேர் தெரியும். சிபியு-இசட் அப்பைத் திறந்தால் ஸ்னாப்டிராகன் போன் எல்லாத்திலயும் ஜிபியு எண்ட இடத்தில அதுதான் இருக்கும். அதின்ர மூலமும் இப்பிடி ஒரு விக்கல்தான். ஏஎம்டி 2006ல ஏரிஐ எண்ட கிராஃபிக்ஸ் சிப் கம்பனியை 5.4 பில்லியனுக்கு வாங்கிக் கடனில மூழ்கினது, மூச்சு விடுறதுக்குக் கையில இருந்த ஒவ்வொண்டா வித்தினம், டிவி சிப் பகுதி புரோட்கொமுக்குப் போனது, சொந்த ஃபெக்டரியளையே அபுதாபிக் காசோட பிரிச்சுக் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் எண்டு தனியாக்கினம், கையடக்கக் கருவியளுக்கான கிராஃபிக்ஸ் பகுதி ஸ்னாப்டிராகன் செய்யிற குவால்கொமுக்கு 65 மில்லியனுக்குப் போனது. அது நடந்தது 2009 ஜனவரி. அந்த மாசம் எங்கட சனம் யுத்தத்துக்குள்ள தருமபுரம், விசுவமடு எண்டு மூட்டை முடிச்சோட நகர்ந்துகொண்டிருந்தது, உலகத்தில எந்தச் சிப் ஆருக்குப் போகுது எண்ட செய்தியை ஆர் கண்டது. 65 மில்லியன் எண்டது அண்டைக்கே சின்ன விலை, பிறகு ஸ்மார்ட்போன் உலகம் முழுக்கப் பரவினதை வச்சுப் பாத்தா அது கிட்டத்தட்ட இனாம். ஆனா ஏஎம்டிக்கு அண்டைக்கு வேற வழி இருந்ததோ எண்டு கேட்டால் இல்லை எண்டுதான் சொல்லுவன். அவை உயிரோட இருந்தபடியால்தான் பிறகு ரைசன் எண்ட அவையின்ர கொம்பியூட்டர் புரொசசர் வந்தது.

இன்டெல் செய்ததை மட்டும் என்னால நியாயப்படுத்தேலாது. டிஜிற்றல் எண்ட பழைய கொம்பியூட்டர் கம்பனியோட வழக்குத் தீர்த்ததில ஸ்ட்ரோங்ஆர்ம் எண்ட புரொசசர் இன்டெல்லிட்ட வந்தது, அதை எக்ஸ்ஸ்கேல் எண்டு வளத்தினம், அந்த நேரத்து பிளாக்பெரி போனிலயும், பாம் எண்ட கம்பனியின்ர கையடக்கக் கருவியளிலயும் அது இருந்தது. 2006 ஜூனில அதின்ர மொபைல் பகுதியை மார்வெலுக்கு 600 மில்லியனுக்கு வித்தினம். 2007 ஜனவரியில ஐபோன் வந்தது, உள்ளுக்க ஆர்ம் சிப், சம்சுங் செய்தது. ஐபோனுக்குச் சிப் செய்து தரக் கேட்டும் விலைக் கணக்குப் பாத்து விட்டிட்டம் எண்டு அந்த நேரம் தலைமையில இருந்த போல் ஒட்டெல்லினி 2013ல வெளிப்படையாச் சொன்னவர். இன்டெல்லுக்கு ஏஎம்டியைப் போலக் கழுத்தில கத்தி இல்லை, பொறுத்திருக்கக் காசு இருந்தது. எங்கட சொந்தக் கட்டமைப்பான எக்ஸ்86 தான் எல்லா இடத்துக்கும் போகும் எண்ட நம்பிக்கைதான் அவையைக் கெடுத்தது.

எல்லா விக்கலும் காசாலதான் நடக்குது எண்டும் இல்லை. கிராஃபிக்ஸ் வரைஞ்சு லைசன்ஸ் குடுக்கிற இங்கிலாந்தின்ர இமாஜினேஷன் 2013ல மிப்ஸ் புரொசசர் கம்பனியை 100 மில்லியனுக்கு வாங்கினது. 2017ல அப்பிள் உங்கட கிராஃபிக்ஸ் இனி வேண்டாம் எண்டு சொல்ல இமாஜினேஷனின்ர பங்கு விலை சரிஞ்சு, கடைசியில சீனக் காசு பின்னால நிக்கிற கன்யன் பிரிட்ஜ் எண்ட நிறுவனம் 550 மில்லியன் பவுணுக்கு வாங்க வந்தது. அதே செப்டெம்பரில கன்யன் பிரிட்ஜ் லாற்றிஸ் எண்ட அமெரிக்கச் சிப் கம்பனியை வாங்குறதை அமெரிக்க ஜனாதிபதி தடுத்திருந்தார். மிப்ஸ் அமெரிக்காவில இருக்கிற பகுதி, அது சேர்ந்திருந்தா இந்த வியாபாரமும் அமெரிக்க அனுமதியில மாட்டுப்படும், அதால அதைத் தனியாக் கழட்டி 65 மில்லியனுக்கு வேற முதலீட்டாளருக்கு வித்தினம். பிறகு வேவ் கொம்பியூட்டிங் எண்ட கம்பனி கையில போய், அந்தக் கம்பனி 2020ல வங்குரோத்தாகி, மிச்சம் மிப்ஸ் எண்ட பேரிலயே எழும்பித் தன்ர பழைய கட்டமைப்பை விட்டு, ஆரும் லைசன்ஸ் காசில்லாமல் பாவிக்கக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் எண்ட கட்டமைப்புக்கு மாறி, 2025ல குளோபல்ஃபவுண்ட்ரீஸ் அதை வாங்கினது.

அதே குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 2026 ஜனவரியில இன்னொண்டையும் வாங்குறம் எண்டு அறிவிச்சுது, சினொப்சிஸின்ர ஆர்க் புரொசசர் பகுதி. சினொப்சிஸ் சிப் வரையிற சொப்ட்வெயார் கம்பனி, இலங்கையிலயும் ஆக்கள் வச்சு வேலை செய்யிற கம்பனி, 2025 ஜூலையில அன்சிஸ் எண்ட கம்பனியை 35 பில்லியனுக்கு வாங்கி முடிச்சவை. பெரிசா வாங்கின கையோட புரொசசர் பகுதி வெளிய போகுது, முன்னம் சொன்ன அதே பாதை. ஆர்க் எண்டது போன், கொம்பியூட்டர்ல பேர் போட்டு வராத சின்னப் புரொசசர், ஒரு கருவியின்ர மூலையில சத்தமில்லாமல் வேலை செய்யிறது, அதை லைசன்ஸ் எடுத்துத் தங்கட சிப்பில போட்ட கம்பனியள் ஏராளம்.

இதைப் பாத்து இந்தத் துறைக்குள்ள போறதுக்குப் பயப்பிடுற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது, செய்தியில விலையைப் பாத்திட்டு நிப்பாட்டாதேங்கோ. ஆக்களும் சேர்ந்து போகினமோ, லைசன்ஸ் சேர்ந்து போகுதோ, வாங்குறவருக்கு அந்தச் சிப்பைத் தானே பாவிக்கிற தேவை இருக்கோ எண்டு பாருங்கோ. குளோபல்ஃபவுண்ட்ரீஸ் சிப் செய்து குடுக்கிற ஃபெக்டரி, தன்ர ஃபெக்டரிக்கு வாறவைக்கு ரிஸ்க்-ஃபைவ் புரொசசரையும் சேத்துக் குடுக்கிறதுக்குத்தான் மிப்ஸையும் ஆர்க்கையும் ஒண்டா வச்சிருக்க நினைக்குது, அதால அதுக்கு ஒரு சொந்தத் தேவை இருக்கு. ஒராக்கிள் ஆம்பியர் பங்கை சொஃப்ட்பாங்குக்கு வித்ததில 2.7 பில்லியன் டொலர் லாபம் பாத்துப்போட்டு, சொந்தமாச் சிப் வரையிறது இனி எங்களுக்கு முக்கியமில்லை எண்டு சொல்லி விலகினது, இப்ப ஆம்பியரும் ஆர்மும் ஒரே சொஃப்ட்பாங்கின்ர கையில. ஆர்மிட்ட லைசன்ஸ் எடுத்துச் சேர்வர் சிப் செய்யிற மற்றக் கம்பனியள் எல்லாம் இனி லைசன்ஸ் குடுக்கிறவரின்ர சொந்தச் சிப்போடயும் போட்டி போட வேணும், அதில எத்தினை பேர் ரிஸ்க்-ஃபைவ் பக்கம் திரும்புவினம் எண்டதைத்தான் நான் இப்ப பாத்துக்கொண்டிருக்கிறன்.